80 ஆயிரம் ரூபாயில் கேமிங் கம்ப்யூட்டர்... கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் மானிட்டரைப் பாருங்க!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களுக்கு இரண்டு முகம் உண்டு. கீழ்வீட்டில் எங்கிருந்தோ வந்து தங்கியிருக்கும் ஒருவர் கண்மூடி தியானத்தில் இருப்பார். பக்கத்து மாடியில் பிளஸ் டூ முடித்த பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'வேலரன்ட்' ஆடிக்கொண்டிருப்பான். அண்ணாமலையார் ஊரானாலும் சரி, அண்ணா நகரானாலும் சரி, காலேஜ் சேரும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது கேட்கும் வசனம் ஒன்றுதான்: ''எனக்கு லேப்டாப் வேணாம்பா. அசெம்பிள்டு பிசி போட்டுக்கறேன். படிக்கவும் ஆகும், கேமும் ஆடலாம்.''

சீட்டு எடுத்த பணமோ, போனஸோ, எப்படியோ 80 ஆயிரம் ரூபாய் தயாராகிறது. லிஸ்ட் வருகிறது. அதில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் 30 ஆயிரம். ''ஏன்டா, ஒரு டிவி விலையில ஒரு கார்டா?'' என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டரில் அதிக விலையுள்ள பாகமும் அதுதான், அதிகமாகத் தப்பாக வாங்கப்படும் பாகமும் அதுதான். சரியாக வாங்கினால் நான்கைந்து வருடம் ஓடும். அவசரப்பட்டால் இரண்டாவது வருடமே, 'இதை வித்துட்டு வேற வாங்கணும்' என்று பிள்ளை வந்து நிற்பான்.

கடைக்காரர் சொல்வதையோ, யூடியூபில் யாரோ கத்துவதையோ மட்டும் நம்பாமல், நாமே முடிவெடுப்பது எப்படி? பார்ப்போம்.

அப்படி என்னதான் செய்கிறது இந்த கார்டு?

திரையில் ஓடும் கேம் உண்மையில் தனித்தனிப் படங்கள். ஒரு நொடிக்கு 60 படம் வந்தால் நம் கண்ணுக்கு அது வழுக்கிக்கொண்டு போகும். இதைத்தான் 60 எஃப்பிஎஸ் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு படத்தை வரைய கார்டுக்குக் கிடைக்கும் நேரம், ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் வெளிச்சம், நிழல், புகை, தண்ணீர் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கொடுக்க வேண்டும்.

எத்தனை புள்ளி? ஃபுல் ஹெச்டி எனப்படும் 1080பி மானிட்டரில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். அதற்கு அடுத்த 1440பி மானிட்டரில் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 82.9 லட்சம். அதாவது அதே கேம், அதே காட்சி. ஆனால் 4கே மானிட்டரில் கார்டு நிரப்ப வேண்டிய புள்ளிகள், 1080பி-யைவிட நான்கு மடங்கு!

கார்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை மானிட்டரில்தான் தொடங்குகிறது என்று சொல்வது இதனால்தான்.

முதல் கேள்வி: எதில் பார்க்கப் போறீங்க, என்ன ஆடப் போறீங்க?

'நான் யார்?' என்ற விசாரணைக்குப் பெயர்போன தெரு இது. கார்டு வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டியது அவ்வளவு ஆழமான கேள்வி இல்லை. 'எனக்கு என்ன வேணும்?' என்பதே போதும்.

வீட்டில் ஏற்கெனவே 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று வையுங்கள். அந்த மானிட்டர் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. கார்டு 140 படம் வரைந்தாலும் கண்ணுக்கு வருவது 60தான். கை அசைவுக்கும் திரைக்கும் உள்ள தாமதம் கொஞ்சம் குறையும். ஆனால், அதற்காக 15 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய கார்டு வாங்குவது, டிராஃபிக் நெரிசல் ரோட்டில் ஓட்ட ரேஸ் கார் வாங்குவது போலத்தான்.

அடுத்து, கேம். எல்லா கேமும் ஒன்றல்ல.

வேலரன்ட், 'கவுன்டர் ஸ்ட்ரைக் 2' போன்ற போட்டி கேம்கள்: இவற்றுக்கு ரொம்பப் பெரிய கார்டு தேவையில்லை. இதில் அதிக எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ப்ராசஸரும் நன்றாக இருக்க வேண்டும். மீதிப் பணத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போடுவது புத்திசாலித்தனம்.

'சைபர்பங்க் 2077', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' மாதிரி பிரமாண்டமான கதை கேம்கள்: இங்கேதான் கார்டு வியர்க்கும். கார்டின் மெமரியும் இங்கேதான் தீரும்.

சின்ன, அழகான கேம்கள்: கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, புட்டு, பிரியாணி சமைத்தபடியே சொல்லும் 'வெண்பா' 2023-ல் வெளிவந்து, 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியது. அதை ஆட தனி கார்டே வேண்டாம். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும்.

ஆக, பிள்ளை ஆடும் ஐந்து கேம்களின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பெயர் ஒண்ணு, சரக்கு வேற!

கடையில் 'ஆர்டிஎக்ஸ் 3050 இருக்கு சார்' என்றால், அது எந்த 3050 என்று கேட்க வேண்டும். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 2024-ல் வந்த 6 ஜிபி கார்டும் இருக்கிறது. குறைவது 2 ஜிபி மெமரி மட்டுமல்ல, 6 ஜிபி கார்டின் சிப்பில் வேலை செய்யும் பகுதிகளும் குறைவு, வேகமும் குறைவு. 'ஆர்டிஎக்ஸ் 3060' கதையும் இதேதான். 2021-ல் வந்த 12 ஜிபி கார்டின் பெயரிலேயே 2022-ல் ஒரு 8 ஜிபி கார்டு வந்தது. மெமரிக்குப் போகும் பாதையின் அகலம் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்தது. பெட்டியில் பெயர் மட்டும் அப்படியே.

எண்ணைப் படிக்கவும் ஒரு வழி இருக்கிறது. என்விடியா கார்டில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கம் அந்தத் தலைமுறையில் அதன் படிநிலை. 5060 என்றால் 50-ம் வரிசையில் 60-ம் படி. 'புது நம்பர்தான் நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. புது வரிசையின் கீழ்ப்படிக் கார்டு, பழைய வரிசையின் மேல்படிக் கார்டிடம் தோற்கும்.

அதனால் பெட்டியில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: முழுப் பெயர், மெமரி எத்தனை ஜிபி, பாதை எத்தனை பிட், எத்தனை வாட் இழுக்கும். இந்த நான்கையும் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

8 ஜிபி போதுமா?

இன்றைக்கு மிட் பட்ஜெட் கார்டு வாங்குபவர்களிடையே நடக்கும் பெரிய சண்டை இதுதான். புரிந்துகொள்ள அன்னதானக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரின் கைவேகம்தான் கார்டின் சிப். அவர் முன்னால் இருக்கும் சமையல் மேடைதான் கார்டின் மெமரி. காய், பருப்பு, மசாலா எல்லாம் மேடையில் இருக்கும்வரை கை ஓடிக்கொண்டே இருக்கும். மேடை நிறைந்துவிட்டால்? மீதிச் சாமான் ஸ்டோர் ரூமில் இருக்கும். அதுதான் கம்ப்யூட்டரின் ரேம். ஒவ்வொரு தடவையும் ஆள் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கேமில் இதுதான் திடீர் திடீரென்று வரும் 'திக்கல்'. சராசரி எஃப்பிஎஸ் 70 என்று காட்டும். ஆனால், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது படம் அரை நொடி நிற்கும். சில கேம்களில் சுவர், தரையெல்லாம் மங்கலாகவே இருக்கும்.

1080பி மானிட்டரில் போட்டி கேம் ஆடுபவருக்கு 8 ஜிபி இன்றைக்கும் போதும். பெரிய கதை கேம்களை எல்லா செட்டிங்கும் 'அல்ட்ரா'வில் வைத்து ஆட நினைத்தாலோ, 1440பி மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தாலோ, 12 அல்லது 16 ஜிபி பக்கம் போவதுதான் சரி. ரேமைப் பின்னால் கூட்டலாம், ஹார்டு டிஸ்கை மாற்றலாம். கார்டின் மெமரியை மட்டும் வாங்கிய பிறகு கூட்ட முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் வீட்டில் பணம் வரும் என்றால், இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

'டாலரை நூறால் பெருக்கு'

விலை சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்குவழி. கார்டு கம்பெனிகள் அமெரிக்காவில் ஓர் அறிமுக விலை சொல்வார்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்து, நம்ம ஊர் 18 சதவிகித ஜிஎஸ்டி-யைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 100 வரும். ஆக, டாலர் விலையை நூறால் பெருக்கினால் நியாயமான ரூபாய் விலை தெரிந்துவிடும். டாலர் 90-ஐத் தொட்டால் 106-ஆல் பெருக்குங்கள். கடைக்காரர் சொல்லும் விலை இதைவிட ரொம்ப அதிகமென்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

இந்த அளவுகோலை வைத்து, மிட் பட்ஜெட்டில் அதிகம் பேசப்படும் கார்டுகளைப் பார்ப்போம்.

இன்டெல் ஆர்க் பி580: 2024 டிசம்பரில் வந்தது. 12 ஜிபி மெமரி, 192 பிட் பாதை. அறிமுக விலை 249 டாலர். கொடுக்கும் காசுக்கு மெமரி தாராளம். ஆனால் 190 வாட் இழுக்கும். பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் முழு வேகம் காட்டாது.

என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060: 2023 ஜூனில் வந்தது. 8 ஜிபி. 299 டாலர். இதன் பெரிய பலம், 115 வாட் மட்டுமே இழுப்பது. சின்ன கேபினட்டுக்கும் சூடான ரூமுக்கும் ஏற்றது.

என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060: 2025 மே மாதம் வந்தது. அதே 299 டாலர். அதே 8 ஜிபி, ஆனால் வேகமான ஜிடிடிஆர்7 மெமரி. 145 வாட். 4060-ம் இதுவும் ஒரே விலையில் கிடைத்தால் இதை எடுக்கலாம்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி: 2025 ஜூனில் வந்தது. 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர். இங்கேயும் பெயர் ஒன்று, சரக்கு இரண்டு. அந்த 50 டாலர் வித்தியாசத்துக்கு இரண்டு மடங்கு மெமரி கிடைப்பதால், 16 ஜிபி கார்டு நீண்ட நாள் ஓட்டத்துக்கு நல்ல தேர்வு.

என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி: 429 டாலர். கேமோடு சேர்த்து 'பிளெண்டர்' போன்ற 3டி வேலை, ஏஐ பரிசோதனை என்று உண்மையாகவே படிப்புக்கும் பயன்படுத்துபவருக்கு. இந்த வேலைகளுக்கான மென்பொருள்கள் பலவும் என்விடியாவின் கூடா தொழில்நுட்பத்தில் நன்றாக ஓடுகின்றன. 80 ஆயிரம் பட்ஜெட்டில் இது கொஞ்சம் கையைக் கடிக்கும்.

ஒரு விஷயம். 2025 இறுதியில் ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்கள் போனதில், ரேம் விலை கடுமையாக ஏறியது. கார்டிலும் அதே தொழிற்சாலைகளிலிருந்து வரும் மெமரிதான் இருக்கிறது. அதனால் வாங்கும் வாரத்து விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரித்தே முடிவெடுங்கள். மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவிகிதம் வரை கார்டுக்கு ஒதுக்கலாம். அதைத் தாண்டினால் வேறு ஏதோ ஒரு பாகத்தின் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த வயிறு பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸுடையதுதான்.

எஸ்எம்பிஎஸ்: கண்ணுக்குத் தெரியாத காவல்காரன்

கம்ப்யூட்டர் லிஸ்ட்டில் கடைசி வரியில், 'எஸ்எம்பிஎஸ் + கேபினட் = 2,000' என்று ஒன்றாக எழுதியிருந்தால் உஷாராகிவிடுங்கள். வீட்டுக் கரன்ட்டை கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொடுப்பது இதுதான். பெட்டி மேல் '500 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் மலிவு சரக்கு, உண்மையில் அந்தச் சுமையைத் தாங்காது. பாதி கேமில் கம்ப்யூட்டர் அணைந்துபோவதற்கு இது முக்கியமான காரணம். மோசமான நாளில் 30 ஆயிரம் ரூபாய் கார்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும்.

4060, 5060 கார்டுகளுக்கு என்விடியா சொல்லும் குறைந்தபட்ச எஸ்எம்பிஎஸ் 550 வாட். '80 பிளஸ் பிரான்ஸ்' சான்று உள்ள, தெரிந்த பிராண்டில் 550 அல்லது 650 வாட் வாங்குங்கள். கார்டுக்கான 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். 'கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் தம்பி' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கரன்ட் போய்ப் போய் வரும் வீடுகளில் யுபிஎஸ்-ஸும் பார்க்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ்களில் பல 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்து கேமிங் கம்ப்யூட்டர் முழுச் சுமையில் ஓடும்போது அது எல்லையில் நிற்கும். 1,000 விஏ அளவில் வாங்கினால், கரன்ட் போனதும் கேமை சேவ் செய்துவிட்டு நிம்மதியாக அணைக்கலாம்.

பழைய கம்ப்யூட்டரில் புது கார்டு போடலாமா?

தாராளமாகப் போடலாம். புது கம்ப்யூட்டருக்குப் பதில் கார்டை மட்டும் வாங்கினால் பாதிப் பணம் மிச்சம். ஆனால் நான்கு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, பாதை. 4060, 5060, பி580 எல்லாமே மதர்போர்டோடு 8 தடத்தில்தான் பேசும். இன்டெல் 10-ம் தலைமுறை வரையிலான போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0தான். அங்கே ஒவ்வொரு தடத்தின் வேகமும் 4.0-ல் இருப்பதில் பாதி. மேடை நிறைந்து ஸ்டோர் ரூமுக்கு ஓடும்போது, அந்த வராந்தாவே குறுகலாக இருக்கும். 8 ஜிபி கார்டில் இந்த அடி அதிகம். 9060 எக்ஸ்டி-க்கு 16 தடம் இருப்பதால் பழைய போர்டில் அது கொஞ்சம் பாதுகாப்பு.

இரண்டு, 'ரீசைசபிள் பார்' என்ற வசதி. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு இது கட்டாயம். மதர்போர்டில் இது இல்லையென்றால் ஆர்க் பக்கமே போகாதீர்கள்.

மூன்று, இடம். மூன்று ஃபேன் கார்டுகள் 30 சென்டிமீட்டர் வரை நீளும். கேபினட்டைத் திறந்து டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இரண்டு ஃபேன் கார்டு பெரும்பாலான கேபினட்களில் அடங்கும்.

நான்கு, ப்ராசஸர். ரொம்பப் பழைய நான்கு கோர் ப்ராசஸரோடு 40 ஆயிரம் ரூபாய் கார்டு போட்டால், மாட்டு வண்டியில் விமான இன்ஜின் மாட்டியது போல ஆகும்.

புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கும் ஒரு எழுத்து முக்கியம். இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் (ஐ5 12400எஃப் மாதிரி) அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பின்னால் வாங்கிக்கலாம் என்று 'எஃப்' ப்ராசஸர் வாங்கினால் திரையில் ஒன்றுமே வராது. கார்டு ரிப்பேராகி சர்வீஸுக்குப் போனாலும் அதே கதிதான். எப்போதும் உள் கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர் வாங்கிவைத்தால், கார்டு இல்லாத நாட்களிலும் அசைன்மென்ட் எழுதலாம், ஆன்லைன் வகுப்பு பார்க்கலாம். பணம் முழுதாகச் சேராதவர்கள், முதலில் கார்டு இல்லாமலே கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து கார்டு வாங்கலாம். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

அக்னி ஸ்தலத்து வெயில்

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. சித்திரை வெயிலில் மாடி ரூமில் உட்கார்ந்தால் ஏன் என்று புரியும். ஏசி இல்லாத ரூமில் வெளிக்காற்றே 38, 40 டிகிரி இருக்கும்போது, கார்டின் ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் இழுத்து வீச முடியும். ஓர் அளவுக்கு மேல் சூடானால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் உங்கள் ரூமில் சூடாகத்தான் வெளியே வரும். 190 வாட் கார்டுக்கும் 115 வாட் கார்டுக்கும் உள்ள 75 வாட் வித்தியாசம், ரூமில் ஒரு பழைய குண்டு பல்பைக் கூடுதலாக எரியவிடுவது போல. தினம் 3 மணி நேரம் ஆடினால், இரண்டு மாத ஈபி பில்லில் அது 13.5 யூனிட். மொத்த கம்ப்யூட்டரும் 300 வாட் இழுத்தால் 54 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால், 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடுகளில் கட்டண விகிதமே மாறும் என்பதால் கவனத்தில் வையுங்கள்.

அதனால் நம்ம ஊருக்கு: முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் வேண்டாம், வலை வைத்தது வேண்டும். கேபினட்டைச் சுவரோடு ஒட்டியோ, மேஜை அறைக்குள்ளேயோ வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுங்கள்.

சத்தமும் ஒரு விஷயம். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், பக்கத்து ரூமில் யாராவது தியானத்தில் இருக்கலாம். ஒற்றை ஃபேன் கார்டு சூடாகும்போது சின்ன மிக்ஸி மாதிரி கத்தும். இரண்டு ஃபேன் கார்டு அதே வேலையை மெதுவாகச் சுற்றியே செய்யும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கேமிலும் எஃப்பிஎஸ்-ஸை 60-க்கு கட்டிவையுங்கள். சூடு, சத்தம், கரன்ட் மூன்றும் ஒரே சமயத்தில் குறையும். காசு செலவில்லாத வைத்தியம்.

எங்கே வாங்கலாம்?

சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுவது ஒரு வழி. நாலு கடை ஏறி இறங்கி, பொருளைக் கையில் பார்த்து, விலை பேசலாம். ஆனால் போக வர ஒரு நாள் போகும். கிளம்பும் முன் போன் செய்து, அந்த மாடல் ஸ்டாக் இருக்கிறதா, விலை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். 'அது இல்ல சார், இதுவும் அதே மாதிரிதான்' என்று வேறு கார்டை நீட்டினால், மேலே சொன்ன நான்கு விஷயங்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதை முதல் விநாடியிலிருந்து வீடியோ எடுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டில் இருக்கும் சீரியல் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பௌர்ணமி கிரிவலத்தன்று ஊருக்குள் வண்டி வருவதே பெரும்பாடு என்பதால், டெலிவரி தேதி அன்றைக்கு விழாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

உள்ளூர் கடையில் 500, 1,000 ரூபாய் கூடுதலாக இருக்கலாம். ஆனால் கார்டு படுத்தால் அவரே வாங்கி அனுப்பிவைப்பாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த ஆயிரம் வீணில்லை. பொதுவாக கார்டுகளுக்கு 3 வருட வாரன்டி உண்டு. பில் இல்லாமல் 'கேஷா குடுங்க, குறைச்சுக்கலாம்' என்பவரிடம் மிச்சமாவது வரி, தொலைவது வாரன்டி.

செகண்ட் ஹேண்ட்? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பரில் எத்திரியம் கிரிப்டோ நாணயத்துக்கு கார்டு வைத்து மைனிங் செய்யும் முறை முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. 30-ம் வரிசைக் கார்டுகளில் இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. விற்பவரின் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் சத்தம், திரையில் கோடு, சூடு மூன்றையும் கவனியுங்கள். வாரன்டி மிச்சமுள்ள, பில் உள்ள கார்டுக்கு முன்னுரிமை. ஜிடிஎக்ஸ் 10-ம் வரிசை வேண்டவே வேண்டாம். அவற்றுக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' கேம், ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. இனி வரும் பல கேம்களும் அந்த வழியில்தான் போகும்.

விளம்பரத்தில் வரும் 'ஃப்ரேம்' மயக்கம்

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று சில பெயர்கள் காதில் விழும். சின்ன அளவில் படத்தை வரைந்து, அதைப் பெரிதாக்கிக் காட்டும் நுட்பங்கள் இவை. உண்மையிலேயே உதவும், பயன்படுத்துங்கள். ஆனால் 'ஃப்ரேம் ஜெனரேஷன்' வேறு. கார்டு வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஊகத்தில் ஒரு படத்தைச் செருகுவது அது. எண்ணிக்கை கூடும், பார்க்கவும் மென்மையாக இருக்கும். ஆனால் மவுஸை அசைத்தால் பதில் வரும் வேகம் கூடாது. 30 எஃப்பிஎஸ்ஸில் தடுமாறும் கேமை 60 என்று காட்டினாலும் கைக்கு அது 30தான். விளம்பரத்தில் 'இரண்டு மடங்கு வேகம்' என்று போட்டிருந்தால், இதையும் சேர்த்த கணக்கா என்று பாருங்கள்.

ஆக, என்ன வாங்கலாம்?

1080பி மானிட்டர், போட்டி கேம்தான் அதிகம், மாடி ரூம், ஏசி இல்லை: 4060 அல்லது 5060.

1080பி-யில் பெரிய கேம்கள், புது மதர்போர்டு, ஒவ்வொரு ரூபாயும் முக்கியம்: ஆர்க் பி580.

1440பி மானிட்டர் வாங்கும் ஆசை, ஐந்து வருடம் மாற்றும் எண்ணமில்லை: 9060 எக்ஸ்டி 16 ஜிபி.

3டி, ஏஐ என்று படிப்புக்கும் நிஜமாகவே வேண்டும்: 5060 டிஐ 16 ஜிபி. பணம் பத்தவில்லையென்றால் மானிட்டரைப் பழையதாகவே வைத்துக்கொள்ளலாம், எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்கக் கூடாது.

கடைசியாக, எல்லாம் மாட்டி முடித்த பிறகு பலரும் கோட்டை விடும் ஓர் இடம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள துளையில் செருகிவிட்டு, 'என்னடா 30 ஆயிரம் கார்டு, கேம் இப்படித் திணறுது!' என்று கடைக்குப் போன் போடுவார்கள். கேபினட்டின் பின்னால், கொஞ்சம் கீழே, படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, பில்லை பீரோவில் பத்திரமாக வையுங்கள். அம்மா கேட்ட அந்த 30 ஆயிரத்துக்கு அடுத்த மூன்று வருடம் சாட்சி அந்தத் தாள்தான்.